சொந்த வீட்டை வானத்திலிருந்து பார்க்க மாதச் சந்தா எதற்கு?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். 'உங்கள் வீட்டை சாட்டிலைட்டில் நேரலையாகப் பாருங்கள்' என்று போனில் ஒரு விளம்பரம். மூன்று நாள் இலவசம், அப்புறம் மாதம் 299 ரூபாயாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறான். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நேரலை என்பதே பொய். வீட்டு மாடி தெரியும் அளவுக்குப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் 500, 600 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சேலத்துக்கு மேலே நின்று உங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்க அவற்றால் முடியாது. ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் வானிலை செயற்கைக்கோள்கள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து மேகம் தெரியும், வீடு தெரியாது.

அந்த ஆப்கள் காட்டுவது பெரும்பாலும் கூகுள் மேப்பில் சும்மா கிடைக்கும் அதே பழைய படம்தான். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் வருடத்துக்கு 399 டாலர் வாங்கினார்கள், 2015 முதல் இலவசம். இஸ்ரோவின் 'புவன்' தளமும் இலவசம்தான், ஆனால் வீட்டை நெருங்கிப் பார்க்க எனக்கு கூகுளே தோதாக இருக்கிறது. படத்தின் அடியில் எடுத்த தேதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மேலே கடிகாரம் போன்ற குறியை அழுத்தினால் பழைய வருடங்களுக்கும் போகலாம். உங்கள் மூக்கனேரியையே பாருங்கள்: இப்போது ஏரிக்குள் பச்சைப் பொட்டுகளாகத் தெரியும் மரத் திட்டுகள், 2010-க்கு முந்தைய படங்களில் இருக்காது. நான் எங்கள் வீட்டைத் தேடியபோது, வெட்டிப் பல வருடம் ஆன வேப்பமரம் பழைய படத்தில் கொல்லைப்புறத்தில் அப்படியே நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ரொம்பப் பெரிதாக்கினால் கலங்கும். நல்ல செயற்கைக்கோள் படத்தில்கூட ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய ஓர் அடி. மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர் டேங்க் மூன்று நான்கு புள்ளி, வடகம் காயப்போடும் ஆள் ஒன்றிரண்டு புள்ளி, அவ்வளவுதான். மகனுக்கு ஃப்ரேம் போட்டு அனுப்பும் அளவுக்குத் தெளிவாக வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு ட்ரோன் பறக்கவிடும் போட்டோகிராபரைக் கேளுங்கள், பறக்க அனுமதி உள்ள இடமா என்று பார்த்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஒருவேளை மூன்று நாள் இலவசத்தை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால், ஆப்பை அழித்தால் மட்டும் பணம் பிடிப்பது நிற்காது. ப்ளே ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சொல்லாமல் பணம் எடுத்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, மோசடி என்று தெரிந்தால் உடனே 1930.

கேள்வி: ஏற்காட்டில் 20 சென்ட் இடம் பார்த்தோம். விற்பவர் சாட்டிலைட் படத்தில் சிவப்புக் கோடு போட்டு எல்லையைக் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: அந்தக் கோடு அவர் போட்டது, சர்வேயர் போட்டதல்ல. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தைத் தட்டையாக்கித்தான் வரைபடத்தில் ஒட்டுகிறார்கள், அதனால் மலைச்சரிவில் சில மீட்டர் நகர்ந்திருக்கும். சின்ன இடத்துக்கு அந்தச் சில மீட்டர் பெரிய விஷயம். போதாததற்கு சில்வர் ஓக் நிழலில் காபி வளர்க்கும் ஊர் அது. மேலிருந்து மர உச்சிதான் தெரியும், கீழே பாறையா, ஓடையா, அடுத்தவர் வேலியா என்று எதுவும் தெரியாது.

படத்தைப் பழைய வருடங்களுக்கு நகர்த்தி, பாதை முன்பே இருந்ததா, விற்பதற்காகச் சமீபத்தில் வெட்டியதா என்று பாருங்கள், அதற்கு இது நல்ல சாட்சி. எல்லைக்கு அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவும், இடத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடமான புலப்படமும் எடுத்து, பதிவுத்துறையில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.