பால்மைரா பரிசுத்த தோப்பு: குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் மேற்கில், பால்மைரா என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை இருக்கிறது. 1820-இல் 14 வயதுப் பையனாக இருந்த ஜோசப் ஸ்மித் ஜெபம் செய்யப் போய், பிதாவையும் குமாரனையும் கண்டதாகச் சொன்ன காடு அந்தப் பண்ணையை ஒட்டியதுதான். அதைத்தான் பரிசுத்த தோப்பு என்கிறோம். வெளியார் மார்மன்கள் என்று அழைக்கும் எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நான் ரோசெஸ்டரில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவினரையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போவது என் வழக்கம். கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் உங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. நயாகராவிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா அக்கா?

போதாது. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. ஆனால் நயாகராவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வந்துவிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு இது அருவி அல்ல. அரை நாளாவது கொடுங்கள். தோப்பை மட்டும் பார்ப்பதென்றாலும், ஒரு மரத்தடியில் பேசாமல் உட்கார நேரம் வேண்டும்.

கேள்வி: அங்கே உள்ள ஆலயத்துக்குள் போகலாமா?

2000-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பால்மைரா ஆலயத்துக்குள், அனுமதிச் சீட்டு பெற்ற சபை உறுப்பினர்கள் மட்டுமே போகலாம். வெளியே தோட்டத்தில் எல்லோரும் நடக்கலாம். ஞாயிறு ஆராதனை நடக்கும் சபைக் கட்டடம் வேறு. அங்கே எல்லோருக்கும் இடம் உண்டு.

கேள்வி: பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பதினொரு வயதும். "மரமும் பழைய வீடும்தானே" என்று இப்போதே முகம் சுளிக்கிறார்கள். நன்றியுணர்வு வர என்ன சொல்லிக் கூட்டிப்போவது?

ஆல்வினைப் பற்றிச் சொல்லுங்கள். ஜோசப்பின் மூத்த அண்ணன். தோப்பை விட்டுவிட்டு அவனிடமிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

வெர்மான்டில் விளைச்சல் பொய்த்து, 1816-இல் கோடையே வராமல் போன ஆண்டில், ஸ்மித் குடும்பம் பிழைப்புத் தேடி பால்மைராவுக்கு வந்தது. தாய் லூசி எட்டுப் பிள்ளைகளோடு வந்தார். காலில் அறுவை செய்துகொண்டு முழுதாகத் தேறாத ஜோசப் அந்தப் பயணத்தில் நொண்டி நொண்டி நடந்தான். பிறகு 100 ஏக்கர் காட்டைக் கடனுக்கு வாங்கி, மரத்தை வெட்டி நிலம் திருத்தினார்கள். கடைசிப் பெண் பிறந்தபோது அந்த மரக்கட்டை வீட்டில் பதினொரு பேர். வழிகாட்டி உங்களைப் பரணுக்கு அழைத்துப்போவார். கூரை சரிந்து தலையில் இடிக்கும் அந்த இடத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். என் மகள் அங்கே நின்று, யார் எங்கே படுத்திருப்பார்கள் என்று விரலால் தரையைப் பங்கிட்டாள். அதன் பிறகு அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நெருக்கடியைப் பார்த்துத்தான் ஆல்வின், வயதான காலத்தில் அப்பாவும் அம்மாவும் வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்தில் பெரிய பலகை வீடு கட்டத் தொடங்கினான். வீடு முடியவில்லை. 1823 நவம்பரில் வயிற்று வலி வந்தது. மருத்துவர் கொடுத்த பாதரசக் கலவை மருந்து வயிற்றிலேயே தங்கிவிட, 25 வயதில் இறந்துபோனான். அவன் ஞானஸ்நானம் பெறாதவன், நரகத்துக்குத்தான் போயிருப்பான் என்று பொருள்பட அடக்க ஆராதனையில் போதகர் பேசியதாகத் தம்பி வில்லியம் பிற்காலத்தில் சொன்னார். 1825-இல் கடனின் கடைசித் தவணையைக் கட்ட முடியாமல் நிலமும் கைவிட்டுப் போயிற்று. அண்ணன் கட்டிய வீட்டில் அவர்கள் குடியிருந்தது வாடகைக்காரர்களாக.

1836 ஜனவரியில், ஒஹையோ மாநிலத்தின் கர்ட்லண்டில், பரலோகத்தில் ஆல்வினைத் தரிசனத்தில் கண்டதாக ஜோசப் சொன்னார். சத்தியத்தைக் கேட்க வாய்ப்பில்லாமல் இறந்தவர்களுக்கும் வழி உண்டு, குடும்பம் சாவோடு அறுந்துபோவதில்லை என்று எங்கள் ஆலயங்களில் நாங்கள் நம்பிச் செய்கிற அத்தனையிலும் அந்த அண்ணனின் சாவு இருக்கிறது. அதை அறிந்துகொண்டு பலகை வீட்டு வாசலில் நின்றால், நன்றி சொல் என்று பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்காது. ஆல்வினின் கல்லறையும் பால்மைராவில்தான். அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (டல்லாஸ் வாசகர்): அந்த மரக்கட்டை வீடு 1998-இல் கட்டியது. புது மரத்தைப் பார்த்துக் கண் கலங்குவதா?

இடையில் டொராண்டோ வாசகர்: நம்பிக்கை இல்லாதவர்கள் வராமலே இருக்கலாமே!

டொராண்டோத் தம்பி, வராதே என்று யாரையும் நாங்கள் சொல்வதில்லை. டல்லாஸ் நண்பர் சொன்னது உண்மை. அதை அங்கே யாரும் மறைப்பதும் இல்லை. 1982-இல் அகழாய்வு செய்து பழைய வீட்டின் அடித்தளத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்தே இப்போதுள்ள வீட்டை எழுப்பினார்கள். பலகை வீடு அப்படியல்ல. ஆல்வின் தொடங்கிய அதே வீடு பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது. எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகத்தின் மூலம் என்று ஜோசப் சொன்ன தங்கத் தகடுகளை மறைத்துவைத்ததாகச் சொல்லப்படும் அடுப்படித் தளத்தையும் காட்டுவார்கள்.

டல்லாஸ் வாசகர் மீண்டும்: சரி, தோப்பில் தரிசனம் நடந்தது எந்த இடம்? ஜோசப்பே அதைப் பலவிதமாகச் சொல்லியிருக்கிறாரே?

இடம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அங்கே கல்வெட்டும் இல்லை, வேலியும் இல்லை, வரிசையும் இல்லை. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஓர் இடத்தைக் குறித்துவிட்டால் எல்லோரும் அங்கே முண்டியடிப்பார்கள். இப்போது ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு மரத்தடியைத் தேடிக்கொள்கிறது. 1820-இல் உயிரோடு இருந்த பீச், மேப்பிள் மரங்கள் சில இன்னும் நிற்கின்றன.

விவரிப்புகளைப் பற்றி: 1832, 1835, 1838, 1842 என்று ஜோசப்பே தந்தவை நான்கு. அழுத்தமும் விவரமும் வேறுபடுகின்றன. 1832-இல் பாவமன்னிப்பைத் தேடும் பையனின் குரல் கேட்கிறது. 1838-இல் எந்தச் சபை சரி என்ற கேள்வி முன்னால் வருகிறது. நான்கையும் சபையே வெளியிட்டிருக்கிறது. நான் நான்கையும் படித்தேன், நம்புகிறேன். நீங்கள் படித்துவிட்டு நம்பாமல் போகலாம். படிக்காமல் சண்டை போடாதீர்கள், இருவருக்கும்தான் சொல்கிறேன்.

டொராண்டோ வாசகர்: மன்னியுங்கள் அக்கா. ஆனால் நம்பாதவருக்கு அங்கே நன்றியுணர்வு எப்படி வரும்?

வரும். என் மாமியார் சைவப் பற்று உடையவர், கடைசிவரை அப்படியே இருந்தார். ஆல்வின் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தமக்கு வீடு கட்டிக்கொடுத்த மூத்த மகனைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் எங்கள் சபையில் சேரவில்லை, நானும் கேட்கவில்லை.

கேள்வி: தங்கத் தகடுகளை எங்கே பார்க்கலாம்?

எங்கும் பார்க்க முடியாது. தேவதூதனிடம் திரும்ப ஒப்படைத்ததாகவே ஜோசப் சொன்னார். ஊருக்குள் இருக்கும் கிராண்டின் அச்சகத்துக்குப் போங்கள். மார்மன் புஸ்தகத்தின் முதல் 5,000 பிரதிகள் 1830-இல் அங்கேதான் வெளிவந்தன. 3,000 டாலர் அச்சுக் கூலிக்கு மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தம் நிலத்தை அடமானம் வைத்தார், பிறகு அதில் ஒரு பகுதியை விற்கவே நேர்ந்தது. பிள்ளைகளிடம் சொல்ல இன்னொரு கதை.

கேள்வி: நினைவாக ஓர் இலையோ மரப்பட்டையோ எடுத்துவரலாமா?

கூடாது. விழுந்துகிடக்கும் குச்சியும் கூடாது. அங்கே விழுந்தது அங்கேயே மக்கி மண்ணாக வேண்டும், அந்த மண்ணில்தான் அடுத்த மரம் வளரும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பட்டையை உரித்தால் தோப்பு எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: ஆலயத்துக்குள் ஐந்து நிமிடம் மட்டும் எட்டிப் பார்க்கலாமா?

மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: சால்ட் லேக் சிட்டி போகிறோம். அங்கே எதைப் பார்ப்பது?

அது என் ஊர் இல்லை. அங்கே ஆலயச் சதுக்கத்தில் இருக்கும் ஊழியர்களைக் கேளுங்கள், அன்பாகச் சொல்வார்கள்.

கேள்வி: சபை உறுப்பினர் கூட வந்தால் ஆலயத்துக்குள் விடுவார்களா?

விடமாட்டார்கள். புது ஆலயம் கட்டி முடித்துப் பிரதிஷ்டைக்கு முன் சில வாரங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பார்கள். அப்போது யாரும் உள்ளே போகலாம். இந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பாரா? எந்த மாதம் நல்லது?

அக்டோபர் தொடக்கத்தில் மேப்பிள் சிவந்திருக்கும், கொசுவும் குறைந்திருக்கும். கோடையில் வந்தால் கொசு மருந்தும், உண்ணி ஏறாதபடி முழுக்கால் உடுப்பும் அவசியம். தோப்புக்குள் மண் பாதை. மழை பெய்த மறுநாள் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கடினம். வீடுகளில் மாடிப்படி ஏற முடியாவிட்டால் அம்மாவைக் கீழ்த்தளத்திலேயே உட்காரவைத்து, வழிகாட்டியிடம் அங்கேயே விவரம் சொல்லச் சொல்லுங்கள். மதிய உணவை வரும்போதே முடித்துக்கொள்ளுங்கள். அரை நாள் என்றேன், மறந்துவிடாதீர்கள்.