சியோல் தங்கம், பார்சிலோனா வெண்கலம்

வணக்கம் சார்,

லித்துவேனியக் கூடைப்பந்து அணியைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1992இல் பார்சிலோனாவில் அவர்கள் வாங்கிய வெண்கலம் 1988 சியோல் தங்கத்தைவிடப் பெரியது என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அது உணர்ச்சிவசப்பட்டு எழுதியதாகத்தான் பட்டது. அந்த அணியின் முக்கிய வீரர்கள் சோவியத் யூனியனுக்காக ஆடி, சியோல் அரையிறுதியில் அமெரிக்காவையே வீழ்த்தித் தங்கம் வென்றவர்கள். பார்சிலோனாவில் அதே அமெரிக்காவிடம் 51 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கிவிட்டு மூன்றாம் இடத்துக்கு ஆடினார்கள். அங்கே எதிரே நின்றதும் உடைந்துபோன சோவியத் யூனியனின் மிச்சம். விளையாட்டில் ஸ்கோர்போர்டுதானே கடைசிப் பேச்சு?

அப்புறம், பதக்க மேடையில் அவர்கள் போட்டிருந்த அந்த எலும்புக்கூடு டி-ஷர்ட் கதை உண்மையா, யாராவது கட்டிவிட்டதா? 30 லட்சம் பேர்கூட இல்லாத நாடு இப்படி ஆடுவதற்கு உயரம்தான் காரணம் என்கிறார் என் நண்பர். என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், பள்ளி அணியில் ஆடுகிறான். அவனுக்குக் காட்ட ஒரு ஆட்டம் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கணக்கில் தப்பில்லை. சியோலில் அரையிறுதி 82-76. இறுதியில் யூகோஸ்லாவியாவை 76-63 என்று முடித்தார்கள். அந்த யூகோஸ்லாவிய அணியில் பெட்ரோவிச், திவாட்ஸ், குகோச், ராஜா என்ற நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்தார்கள். அதைவிடக் கடினமான தங்கம் அந்தக் காலத்தில் கிடையாது. சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்தினாய்டிஸ், ஹோமிசியுஸ் ஆகிய நான்கு லித்துவேனியர்கள்தான் அந்த அணியின் முதுகெலும்பு. பார்சிலோனா எதிரணியைப் பற்றி நீங்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அவர்கள் ‘ஒருங்கிணைந்த அணி’ என்ற பெயரில் ஒலிம்பிக் கொடிக்குக் கீழே ஆடினார்கள். சுத்தியல் அரிவாள் எங்கும் இல்லை.

ஆனால் ஸ்கோர்போர்டு என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன். அதில் எண் மட்டுமா இருக்கும்? எண்ணுக்கு மேலே ஒரு பெயரும் இருக்குமே. சியோலில் இருந்த பெயர் சோவியத் யூனியன்.

தங்கள் சொந்தப் பெயரை அவர்கள் பலகையில் பார்த்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஐரோப்பியக் கோப்பையை 1937இல் ரீகாவில் வென்றார்கள். 1939இல் சொந்த மண்ணில், அப்போதைய தற்காலிகத் தலைநகரான கௌனாஸில், மறுபடி வென்றார்கள். அந்தப் போட்டிக்காகவே ஒரு உள்ளரங்கம் கட்டினார்கள். கூடைப்பந்தை மனதில் வைத்து ஐரோப்பாவில் கட்டிய முதல் அரங்கம் அதுதான். பயிற்சியாளராகவும் வீரராகவும் இருந்தவர் பிரானஸ் லுபினாஸ். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த லித்துவேனியப் பிள்ளை, ஃபிராங்க் லூபின் என்ற பெயரில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அந்த இறுதியாட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. 19-8 என்று முடிந்தது. அங்கிருந்து அப்பா அம்மாவின் ஊருக்கு வந்த மனிதர், கூரை உள்ள மைதானத்தைக் கண்டு என்ன நினைத்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். 1939இல் லாட்வியாவை அவர்கள் வென்றது 37-36. ஒரே ஒரு புள்ளி.

மறு வருஷம் சோவியத் படை வந்தது. அதோடு பெயர் போயிற்று.

பிறகு அந்தப் பெயர் ஒளிந்துகொண்ட இடம் கௌனாஸின் ஜல்கிரிஸ் கிளப். 1410இல் டியூட்டானிய வீரர்களை லித்துவேனியரும் போலந்துக்காரர்களும் சேர்ந்து தோற்கடித்த போரை லித்துவேனியர்கள் ஜல்கிரிஸ் என்றுதான் சொல்வார்கள். எதிரி ஜெர்மானியன் என்பதால் மாஸ்கோவுக்கும் அந்தப் பெயரில் ஆட்சேபம் இல்லை. ஊர்க்காரர்கள் அதை வேறு மாதிரி படித்துக்கொண்டார்கள். 1985, 86, 87 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சோவியத் சாம்பியன் பட்டம் ஜல்கிரிஸுக்கு. எதிரே நின்றது ராணுவத்தின் அணியான சிஎஸ்கேஏ மாஸ்கோ. நியாயமாகச் சொன்னால் அந்தக் கடுமையான லீக் இல்லாமல் ஜல்கிரிஸில் ஆடிய சபோனிஸ் அந்த சபோனிஸ் ஆகியிருக்க மாட்டார். இதை லித்துவேனியர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

1990 மார்ச் 11இல் விடுதலையை அறிவித்தார்கள். 1991 ஜனவரி 13 இரவு வில்னியுஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சோவியத் ராணுவம் சூழ்ந்தது. 14 பேர் இறந்தார்கள். அது நடந்து ஒன்றரை வருஷத்தில் பார்சிலோனா.

இனி டி-ஷர்ட். கதை உண்மைதான். புதிதாகப் பிறந்த நாட்டில் அணியை அனுப்பப் பணம் இல்லை. மார்ச்சுலியோனிஸ் அப்போது அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருந்தபடி நன்கொடை கேட்டு அலைந்தார். அந்தச் செய்தியை அந்த ஊர் ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் பத்திரிகையில் பார்த்துவிட்டுக் காசோலை கொடுத்தது. கூடவே ஒரு பெட்டி நிறைய டி-ஷர்ட்டும் வந்தது. மஞ்சள், பச்சை, சிவப்பு, மூன்றும் அவர்கள் தேசியக் கொடியின் நிறம். துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலைந்திருக்கும். நடுவில் ஒரு எலும்புக்கூடு எம்பி வளையத்துக்குள் பந்தை இறக்கும். கிரெக் ஸ்பியர்ஸ் என்ற ஓவியர் வரைந்தது. பதக்க மேடைக்கே இதைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். பக்கத்தில் அமெரிக்கர்களும் குரோஷியர்களும் ஒழுங்கான உடையில் நிற்க, இவர்கள் திருவிழாவுக்கு வந்த பையன்கள் மாதிரி நின்றார்கள். படங்களைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். இணையத்தில் இந்த டி-ஷர்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டத்தின் ஸ்கோர் தெரியாது என்பது என் சின்ன வருத்தம்.

வெண்கல ஆட்டத்தின் ஸ்கோர் 82-78. அதே தொடரில், முதல் சுற்றில், அதே ஒருங்கிணைந்த அணியிடம் அவர்கள் 92-80 என்று தோற்றிருந்தார்கள். எதிரணியில் அலெக்சாந்தர் வோல்கோவ் இருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் சியோலில் இவர்களோடு ஒரே சட்டை போட்டுத் தங்கம் வாங்கியவர், உக்ரைன்காரர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்கு வந்தார் நாட்டுத் தலைவர் லண்ட்ஸ்பெர்கிஸ். அடிப்படையில் அவர் இசை ஆய்வாளர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். வீரர்கள் அவரை ஷாம்பெயினில் குளிப்பாட்டிவிட்டார்கள்.

சியோல் தங்கத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை, நானும் எறியச் சொல்லவில்லை. எது கடினமான வெற்றி என்று கேட்டால் சியோல் என்பேன். எது பெரியது என்று கேட்டால் பழைய பதில்தான்.

உங்கள் நண்பரின் உயரக் கணக்குக்கு வருகிறேன். உலகத்திலேயே சராசரி உயரம் அதிகமான ஆண்கள் நெதர்லாந்தில் இருக்கிறார்கள். ஐரோப்பியக் கோப்பையை அவர்கள் ஒரு முறைகூட வென்றதில்லை. லித்துவேனியா 2003ஐயும் சேர்த்து மூன்று முறை. உயரம் உதவும், சரி. ஆனால் உயரமான பையனைப் பார்த்ததும் ஊரே அவன் கையில் எந்தப் பந்தைத் திணிக்கிறது என்பதும் இருக்கிறதல்லவா?

இதை வெற்றிக்கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியை அவர்களே நடத்தினார்கள். கௌனாஸில் புது அரங்கம் கட்டி மாதம்கூட முடிந்திருக்காது, காலிறுதியில் மாசிடோனியா 67-65 என்று வாயை அடைத்தது. பத்து வருஷம் கழித்து அதே அரங்கத்தில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று. சுலோவேனியாவின் டொன்சிச் 31 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 13 அசிஸ்ட் (கூடை போட வைக்கும் பாஸ்) எடுத்தார். 96-85. பார்சிலோனாவுக்குப் பிறகு லித்துவேனியா இல்லாத முதல் ஒலிம்பிக் கூடைப்பந்து டோக்கியோதான். மாசிடோனியாவும் சுலோவேனியாவும் இவர்களைவிடச் சின்ன நாடுகள். சின்ன நாடு பெரிய நாட்டை அடிப்பதைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் ரசிக்கத்தான் வேண்டும்.

பையனுக்கு 1992 ஆட்டத்தைக் காட்டாதீர்கள். பழைய வீடியோ, மங்கலாக இருக்கும், பத்து நிமிஷத்தில் போனை எடுத்துவிடுவான். 2023 செப்டம்பர் 3, மணிலா, உலகக் கோப்பை, அமெரிக்காவோடு நடந்த ஆட்டத்தைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அதை நேரலையில் பார்த்தேன். தொடக்கத்தில் லித்துவேனியர்கள் வெளியிலிருந்து எறிந்த த்ரீ, அதாவது மூன்று புள்ளி எறிதல், ஒவ்வொன்றும் உள்ளே போனது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது எறிந்தார்கள், ஒன்பதும் விழுந்தன. ஐந்தாவது விழும்போதே டீ ஆறிவிட்டது. 110-104. இரண்டே நாளில் செர்பியாவிடம் 68-87 என்று தோற்று வெளியே போனார்கள், அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அன்று அவர்கள் பக்கம் அதிகப் புள்ளி எடுத்தவர் என்பிஏ பக்கமே போகாத ஒருவர், 15 புள்ளி. பெயர் வைதாஸ் கரின்யௌஸ்காஸ். நான் இன்னும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.