கேமுக்கும் எடிட்டிங்குக்கும் ஒரே கணினி: பணத்தை எதில் போடுவது?

கேமும் ஆட வேண்டும், வீடியோவும் எடிட் செய்ய வேண்டும், எந்தப் பாகங்களை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமுக்கு உயிர் கிராபிக்ஸ் கார்டுதான். பட்ஜெட்டில் பெரும்பங்கு அதற்கே போகட்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையில் ப்ராசஸருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் பகுதி கிடையாது. எடிட்டிங்கில் வீடியோவைத் தடங்கலின்றி ஓட்ட உதவும் ‘குவிக் சிங்க்’ வசதியும் அதோடு போய்விடும். கேம் மட்டும் ஆடுபவருக்கு விலை குறைவதால் லாபம், உங்களுக்கு நஷ்டம். ரேம் 32 ஜிபி வாங்குங்கள், 16 ஜிபி வீதம் இரண்டாக. 32 ஜிபியையும் ஒரே துண்டாகப் போட்டால் வேகம் குறையும். மென்பொருளுக்கு ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), வீடியோ கோப்புகளுக்கு இன்னொன்று. பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம்: மலிவானதை நம்பி ஒரு மதர்போர்டையே பறிகொடுத்தவன் நான். வண்ண விளக்கு மின்னும் கேபினெட் கடைசியில்தான்.