மாமனார் திருச்சியோடு நின்றுவிட்டார்: யார் மேல் வழக்குப் போடுவது?

கல்லிடைக்குறிச்சி வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது:

"என் மாமனாருக்கு 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய அப்பா பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது மாமாவின் ரொம்ப நாள் ஆசை. என் நாத்தனாரின் கொழுந்தன் நெல்லையில் டிராவல்ஸ் நடத்துகிறார். அவர் மூலமாக எட்டுப் பேருக்கு மலேசியா டூர், ஆளுக்கு 80,000 வீதம் 6,40,000 ரூபாய் கட்டினோம். அதற்கு மேல் டி.சி.எஸ். என்று டிராவல்ஸில் பிடித்த வரி 32,000. எல்லாம் மாமா கணக்கிலிருந்துதான். 2025 மே 14 அன்று திருச்சி விமான நிலையத்தில் மாமாவை மட்டும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பாஸ்போர்ட் அக்டோபர் 9-ஆம் தேதியோடு முடிகிறதாம், ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டுமாம். என் கணவர் அவரோடு நின்றுகொண்டார், மற்ற ஆறு பேரும் போனோம். மூன்றாம் நாள் பத்துமலைப் படியில் இறங்கும்போது அத்தை விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன். 13,500 ரிங்கிட், நம் பணத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி தர மறுத்துவிட்டது. கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. திரும்பி வரும்போது ஒரு பெட்டி வரவில்லை, ஐந்து நாள் கழித்து ஜிப் கிழிந்து வந்தது. டிராவல்ஸ், விமானக் கம்பெனி, இன்சூரன்ஸ் மூன்று பேர் மேலும் சேர்த்து ஒரே வழக்காகப் போட்டு பத்து லட்சம் கேட்கலாமா? நாத்தனார் வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது."

அம்மா, மூன்று பேரையும் ஒரே மனுவில் கட்டி இழுக்காதீர்கள். உங்கள் கோபம் ஒன்றுதான் என்றாலும் வழக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிராளி வேறு, போகிற இடம் வேறு, கெடு வேறு. முக்கியமாக, இன்சூரன்ஸ் விஷயத்தை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோய்விட்டால் அதே விஷயத்துக்காக இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போக முடியாது. செலவில்லாத வழி ஒன்றை நீங்களே அடைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

முதலில் பாஸ்போர்ட். விமானக் கம்பெனியை இதில் விட்டுவிடுங்கள். டிக்கெட்டை அளவுக்கு மேல் விற்றுவிட்டுப் பயணியை இறக்கினால்தான் நஷ்டஈடு உண்டு. ஆவணம் சரியில்லாதவரை ஏற்றாதது அவர்கள் தப்பு ஆகாது. போகாத இரண்டு டிக்கெட்டுகளுக்கும் ஒன்று செய்யலாம். அது இந்திய நிறுவனம் என்றால், பயணம் செய்யாவிட்டாலும் வரி, விமான நிலையக் கட்டணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கிறது. அதை எழுதிக் கேளுங்கள். சின்னத் தொகைதான், ஆனாலும் உங்கள் பணம்.

டிராவல்ஸ்காரர் கதை வேறு. நீங்கள் அனுப்பிய ரசீதின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். 'பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருப்பது பயணியின் பொறுப்பு' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதே ஆபீஸ் தந்த விளம்பர நோட்டீஸில் 'ஆவணங்கள், இன்சூரன்ஸ் அனைத்தும் எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆணையத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மார்ச் கடைசியிலேயே எல்லோருடைய பாஸ்போர்ட் படத்தையும் அவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். புறப்பட ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது, தட்கலில் 3,500 ரூபாய் கட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விசா வாங்க வேண்டிய நாடு என்றால் விண்ணப்பத்திலேயே இந்தக் குறை பிடிபட்டிருக்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. அதனால் பாஸ்போர்ட்டை முதன்முதலாக ஒரு அதிகாரியின் கண் பார்ப்பதே செக்-இன் கவுன்ட்டரில்தான். 'விசா வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று உண்டு, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதில் பாஸ்போர்ட் முடியும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் அதை நிரப்பியது டிராவல்ஸ் ஆபீஸ்தான் என்கிறீர்கள். அப்படியானால் 'அக்டோபர் 9, 2025' என்று அவர்கள் கையாலேயே தட்டியிருக்கிறார்கள்! அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால், 78 வயது மனிதர் கல்லிடையிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்து திருச்சி வரை வந்திருக்க வேண்டாம். அந்த அட்டையின் பிரதி மின்னஞ்சலில் இருக்கும், தேடி எடுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அதுதான்.

முழுப் பணமும் கிடைக்குமா? அப்படி நான் ஆசை காட்ட மாட்டேன். பாஸ்போர்ட் உங்கள் வீட்டு பீரோவில் இருந்தது, தேதி அதில் அச்சாகியிருந்தது. 'தலைமையாசிரியராக இருந்தவருக்குத் தேதி படிக்கத் தெரியாதா?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கத்தான் செய்வார். நானாக இருந்தாலும் கேட்பேன். ஆகவே பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். மாமனாரின் 80,000, அவருக்காக நின்ற உங்கள் கணவரின் 80,000, இவற்றோடு மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை என்று கேளுங்கள். கணவரின் பங்கு கொஞ்சம் பலவீனம்தான், அவரை யாரும் தடுக்கவில்லை. வயதானவரைத் தனியாக விட்டுப் போக முடியாது என்பதை விளக்கிச் சொல்லுங்கள். யாருக்காக எல்லோரும் கிளம்பினீர்களோ அவரே போகவில்லை என்பதையும் மனுவில் எழுதுங்கள், பினாங்குக் கடை உட்பட. அலங்காரம் வேண்டாம், நடந்ததை நடந்தபடி.

ரசீதில் 'வழக்குகள் சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை' என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலி மாவட்ட ஆணையம் போதும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். கெடு இரண்டு வருடம், அதாவது 2027 மே. பணம் கட்டியவர் மாமனார் என்பதால் அவர் பெயரில் போடுவது நல்லது, உங்களுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் நீங்களே ஆஜராகலாம்.

இப்போது இன்சூரன்ஸ். உங்கள் கையில் பலமான சீட்டு இதுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களில் ஒன்றைப் பார்த்து கொஞ்ச நேரம் யோசித்தேன். டிராவல்ஸ்காரர் கேட்கிறார்: 'அத்தைக்கு சுகர், பிரஷர் எதும் உண்டா?' நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள்: 'சுகர் மாத்திரை மட்டும்தான் அண்ணாச்சி, வேற ஒண்ணும் இல்ல.' நம் வீடுகளில் மாத்திரை போட்டால் அது நோய் கணக்கில் வராது, சாப்பாட்டோடு சேர்த்தி! அவரும் அதே நினைப்பில் படிவத்தில் 'இல்லை' என்று அடித்துவிட்டார் போலிருக்கிறது. படிவத்தை அத்தை கண்ணாலும் பார்க்கவில்லை, பாலிசி மட்டும் திருச்சியில் வைத்து போனுக்கு வந்திருக்கிறது.

கம்பெனிக்கு எழுதி அந்தப் படிவத்தின் (முன்மொழிவுப் படிவம் என்பார்கள்) நகலை வாங்குங்கள். யார் நிரப்பியது, யார் ஒப்புதல் கொடுத்தது என்று தெரிய வேண்டும். அப்புறம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் முறிவுக்குக் காரணம் 'படியில் விழுந்தது' என்றுதான் இருக்கிறது, தலைசுற்றல், சர்க்கரை இறங்கியது என்று எதுவும் இல்லை. நல்லது. மணிக்கட்டு முறிவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை என்பதே உங்கள் வாதம். முதுகெலும்புத் தொந்தரவைச் சொல்லாமல் ஆயுள் பாலிசி எடுத்தவர் இதய நோயால் இறந்த வழக்கில், சொல்லாத நோய்க்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னது. அதன் பிறகு கறாரான தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. 2021-இல் வந்த மன்மோகன் நந்தா தீர்ப்பை யாராவது உங்களுக்கு எடுத்துக் கொடுப்பார்கள்; வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி பற்றியதுதான் அது. ஆனால் அவர் சர்க்கரை நோயைப் படிவத்தில் எழுதியிருந்தார். உங்களுடையதில் 'இல்லை' என்று இருக்கிறது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

வழி இது: அத்தை பெயரில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மறுபரிசீலனை மனு. ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, மறுபடி மறுத்தாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை (எனக்கு வருமானம் போகிறது, பரவாயில்லை). 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம், அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒருவேளை அங்கே தோற்றால்? அந்த வாட்ஸ்அப் வரி அப்போது உதவிக்கு வரும். நீங்கள் சொல்லியும் டிராவல்ஸ்காரர் தப்பாக நிரப்பினார் என்று அந்த இழப்பை அவரிடம் கேட்கலாம். ஆகவே அந்தப் போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டிவரும், அதற்கு அந்தப் போனே வேண்டும்.

பெட்டி விஷயத்தில் நம்பிக்கை தர ஒன்றும் இல்லை. பன்னாட்டு விமானப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைதான் சட்டம். பெட்டி சேதம் என்றால் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் விமானக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். நீங்கள் பத்தாம் நாள் டிராவல்ஸ்காரருக்குத்தான் படம் அனுப்பியிருக்கிறீர்கள். தாமதத்துக்கு 21 நாள், அதுவும் தாண்டிவிட்டது. ஆனாலும் பெட்டி வராத அன்றே விமான நிலையத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கியிருக்கிறீர்களே, அதைப் புகாராகக் காட்டி, பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட அத்தையின் மாத்திரைகளை மறுபடி வாங்கிய 1,860 ரூபாயைக் கேட்டு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

யாரும் கேட்காத ஒன்று: அந்த 32,000. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அப்போது பத்து லட்சம் வரை 5 சதவீதம் டி.சி.எஸ். பிடித்தார்கள். அது செலவு அல்ல, மாமனாரின் பான் எண்ணில் வரவு வைக்க வேண்டிய வரி. பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். இருந்தால், பென்ஷன் மட்டுமே வருமானமான அவர் 2025-26 கணக்கைத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்ப வாங்கலாம், 12 லட்சம் வரை புதிய முறையில் வரி இல்லையே. 26ஏஎஸ்-இல் காணோம் என்றால், டிராவல்ஸ்காரர் பிடித்த வரியைக் கட்டவில்லை என்று அர்த்தம். சமரசம் பேச உட்காரும்போது அந்தத் தாள் உங்கள் பையில் இருக்கட்டும்.

சமரசம் என்றேன். நாத்தனாரின் கொழுந்தன் மேல் வழக்கு என்றால் ஆணையத்தின் உத்தரவு வந்த பிறகும் கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டும். ஆகவே முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், அதில் வசவு ஒரு வரிகூட வேண்டாம். பிறகு திருநெல்வேலி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள், இலவசம். இரண்டு வீட்டையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னால் என் யோசனை, வாங்கிக்கொள்ளுங்கள். 20,000 தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனாலும் 2027 மே நிற்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாமனாரின் பாஸ்போர்ட் இதற்குள் காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்கக் கொடுக்கும் முன், எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கங்கள் உட்பட, நகல் எடுத்து வைத்துவிடுங்கள். 2025 மே மாதத்தில் அவர் எங்கேயும் போகவில்லை என்பதற்கு முத்திரை விழாத அந்தப் பக்கங்களே சாட்சி.