செஸ்ஸில் ராணிப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்களை வைத்து எதிராளியின் மூன்றை ஏன் தாக்குகிறார்கள்?

தலையை எண்ணினால் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். ஆனால் இங்கே நோக்கம் சிப்பாய் சண்டையில் ஜெயிப்பதல்ல, எதிராளியின் சுவரில் ஓட்டை போடுவது.

குவீன்ஸ் கேம்பிட் என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளையின் சி சிப்பாய் டி5 கட்டத்தில் வெட்ட, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டி, பிறகு சி6 ஆடினால் அதுதான் கார்ல்ஸ்பாட் எனப்படும் சிப்பாய் அமைப்பு. வெள்ளை யானையை பி1-க்குக் கொண்டுவந்து பி சிப்பாயை பி4, பி5 என்று தள்ளி, சி6-இல் வெட்டும். கறுப்பு பி7 சிப்பாயால் திருப்பி வெட்டியதும் சி6-க்குப் பின்காவல் சிப்பாயே இல்லை. சி வரிசையில் வெள்ளை யானை வந்து குறிவைக்கும். சரி, கறுப்பே முந்திக்கொண்டு பி5-இல் வெட்டினால்? டி5 சிப்பாய் பக்கத்தில் துணைச் சிப்பாய் இல்லாத அநாதை, பி7-உம் பலவீனம்.

1948 உலக சாம்பியன் போட்டியில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்மிஸ்லோவ் சக சோவியத் ஆட்டக்காரர் கெரெஸை இப்படித்தான் நெருக்கி வென்றார்.

கறுப்புக்கும் வழி உண்டு. வெள்ளை பி4 ஆடியதும் தானே பி5 ஆடி, குதிரையை சி4-இல் நிறுத்தினால் சி6 அந்தக் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இல்லையென்றால் ராஜா பக்கம் பாய வேண்டும். என்னைக் கேட்டால் கிளப் ஆட்டக்காரர்களுக்கு இரண்டாவதுதான் தோது. சி6-ஐ நாற்பது நகர்த்தல் காத்துக் கிடக்க யாருக்குப் பொறுமை?