உணவில் இருக்கும் கொழுப்பு ஒரு சிறு புழுவின் வளர்ச்சியையும் மரபணுக்களையும் எப்படி மாற்றுகிறது?

கேள்வியோடு, "இந்தப் புழு ஆய்வுகளை வைத்து வீட்டுக்கு எந்த எண்ணெய் வாங்கலாம் என்று முடிவு செய்ய முடியுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் இந்தப் புழு எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லித் தருகிறது என்று பார்த்துவிடலாம். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இவற்றை வளர்ப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புழுவின் பெயர் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ், சுருக்கமாக சி. எலிகன்ஸ். வளர்ந்த புழுவே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடல் ஒளி ஊடுருவக்கூடியது. 20 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நாள். ஆயுள் இரண்டு மூன்று வாரம். உயிரியலாளர் சிட்னி பிரென்னர் 1974இல் இதன் மரபியலைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இடம்பிடித்தது. பலசெல் உயிர்களில் முதன்முதலில், 1998இல், மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டதும் இதற்குத்தான். அகார் என்ற ஜெல்லி போன்ற பொருள் ஊற்றிய தட்டில் பரப்பிய ஈ. கோலை பாக்டீரியாதான் இதற்குச் சாப்பாடு.

கொழுப்பு என்றால் எரிபொருள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வு இளக்கமாக இருந்தால்தான் செல் வேலை செய்யும். மார்கழிக் காலையில் பெங்களூர்ச் சமையலறைகளில் தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து கிடக்கும். பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் வழக்கம்போல ஊற்றும். நிறைவுற்ற கொழுப்பு, நிறைவுறாக் கொழுப்பு என்பதன் வேறுபாடு அவ்வளவுதான். புழுவின் சவ்வுக்கும் இதே சிக்கல் உண்டு. உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. குளிர் வந்ததும் ஃபேட்-7 என்ற மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணு தரும் நொதி, ஸ்டியரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் போட்டு ஓலிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பாக மாற்றுகிறது. எங்கள் கூடத்தில் இன்குபேட்டரின் வெப்பநிலையை அடிக்கடி போய்ப் பார்ப்பது இதனால்தான். சில டிகிரி இறங்கினாலே கொழுப்பின் கலவை மாறிவிடும். அப்புறம் அந்தத் தட்டில் தெரிவது உணவின் விளைவா குளிரின் விளைவா என்று பிரிக்க முடியாது.

நிறைவுற்ற கொழுப்பில் இப்படி இரட்டைப் பிணைப்பைப் போட ஃபேட்-5, ஃபேட்-6, ஃபேட்-7 என்று மூன்று மரபணுக்கள் இருக்கின்றன. ஃபேட்-6 போனால் ஃபேட்-7 கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். இரண்டும் போனால் புழு மெதுவாக வளரும், முட்டை குறையும், குளிர் தாங்காது. மூன்றுமே போனால் பிழைக்காது. ஆனால் அதன் உணவில் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. மரபணுவில் விழுந்த ஓட்டையைத் தட்டில் வைத்த சாப்பாடு அடைக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

சாப்பாட்டின் நிலவரம் மரபணுவுக்கு எப்படித் தெரிகிறது? என்.ஹெச்.ஆர்-49 என்று ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் உட்கருவில் இருந்துகொண்டு, கொழுப்பை ஆக்கும் மரபணுக்களையும் எரிக்கும் மரபணுக்களையும் கட்டுப்படுத்துகிறது. ஃபேட்-7 மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்த புழுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால், வயிறார உண்ட புழுவின் குடல் நீளமாகப் பச்சை ஒளி விடும். பட்டினி போட்டால் அந்த ஒளி மங்கிவிடும். உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும் ஒரு பிராணியின் உள்ளே ஒரு மரபணு ஓய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடித் தங்கை ஒருத்தி இதை முதன்முறை பார்த்துவிட்டு, "அக்கா, இது நிஜமாகவே பசியைப் பார்ப்பதுதானா?" என்று கேட்டாள். ஆமாம், பசியைத்தான் பார்க்கிறோம்.

என்னை மிகவும் ஈர்த்தது வேறொரு கொழுப்பு. பதினேழு கார்பன் கொண்ட சங்கிலி. நுனியில் ஒரு சிறு கிளை. உணவாகக் கொடுக்கும் ஈ. கோலையில் இந்தக் கிளைக் கொழுப்பு கிடையாது. லியூசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து புழு தானே செய்துகொள்கிறது. அதற்கான எலோ-5 என்ற மரபணுவை முடக்கினால், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழு முதல் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. சுற்றிலும் பாக்டீரியா மண்டிக் கிடக்கிறது, வளர்ச்சி மட்டும் இல்லை. அந்த ஒரே கொழுப்பைத் தட்டில் சேர்த்தால் மறுபடி வளரத் தொடங்குகிறது. எரிபொருள் பற்றாக்குறை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. கலோரி அங்கே ஏராளம். இந்தக் கொழுப்பு, ஒரு சர்க்கரையோடு சேர்ந்த ஸ்பிங்கோலிப்பிட் என்ற சவ்வுக் கொழுப்பாக மாறி, டோர் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தூண்டுகிறது. "வளரலாம்" என்ற அனுமதி அதிலிருந்து கிடைக்கிறது. டோர் அமைப்பு நம் செல்களிலும் இருக்கிறது.

எல்லாக் கொழுப்பும் நன்மையே செய்யும் என்பதும் இல்லை. டைஹோமோ காமா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பை மிகுதியாகக் கொடுத்தால், இனப்பெருக்கச் செல்கள் அழிந்து புழு மலடாகிறது. இரும்பின் துணையோடு கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து செல் சாகும் முறை இது என்று 2020இல் காட்டினார்கள்.

இந்தச் சோதனைகளைச் செய்வதில் உள்ள நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பை எடுத்து, சிறிதளவு சோப்புத்தன்மையுள்ள பொருள் கலந்த அகாரில், அது ஓரளவு ஆறிய பிறகு சேர்க்கிறோம். கொதிக்கும் அகாரில் ஊற்றினால் கெட்டுவிடும். தட்டுகளை இருட்டில்தான் வைக்க வேண்டும். பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவில் கெடும். கெட்ட தட்டில் வளர்ந்த புழு கெட்டுப்போன கொழுப்பைப் பற்றித்தான் பேசும். இன்னொன்று, நாம் சேர்த்த கொழுப்பைப் புழுவுக்கு முன்னால் பாக்டீரியா உறிஞ்சிக்கொள்கிறது. மாறியது புழுவா, அதன் சாப்பாடா என்று கேட்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். நம் உடல் லினோலெயிக் அமிலத்தையும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும் செய்ய முடியாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும். இந்தப் புழு இரண்டையும் தானே செய்துகொள்ளும். அதற்கான ஃபேட்-1, ஃபேட்-2 என்ற மரபணுக்களின் நொதிகள் நம்மிடம் இல்லை. புழுவின் ஃபேட்-1 மரபணுவை எலிக்குள் வைத்து, ஒமேகா-6 கொழுப்பை ஒமேகா-3 ஆக மாற்ற வைத்ததை 2004இல் வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் விஷயத்தில் நிலைமை தலைகீழ். நாம் அதை உடலிலேயே செய்துகொள்கிறோம், புழுவால் முடியாது. அதனால் அகாரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் சேர்த்துத்தான் வளர்க்கிறோம். அதிலிருந்து உருவாகும் ஒரு ஹார்மோன்தான் தொடர்ந்து வளர்வதா, வளர்ச்சியை நிறுத்திவிட்டு நல்ல காலத்துக்குக் காத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. இதற்கெல்லாம் மேலாக, புழுவுக்கு இதயமும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. மாரடைப்பைப் பற்றி அது எதையும் சொல்ல முடியாது.

2017இல் ஓலிக் அமிலம் முதலிய, ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஒற்றை நிறைவுறாக் கொழுப்புகளை உணவில் கொடுத்தபோது புழுக்களின் ஆயுள் நீண்டது என்று ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஆய்வு. மரபணுக்கள் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் மாற்றம் குடலில் கொழுப்பின் கலவையை மாற்றி ஆயுளை நீட்டுகிறது என்பதை அது காட்டியது. ஆனால் அதைக் காட்டி "ஆலிவ் எண்ணெய் குடித்தால் ஆயுள் கூடும்" என்று உங்கள் பெற்றோரிடம் யாராவது விலையுயர்ந்த புட்டியை விற்க வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, எவ்வளவு என்பதற்கு மனிதர்களிடம் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுகளைப் படித்த மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேளுங்கள். ஒரு கொழுப்பு மூலக்கூறு எந்தப் புரதத்தைத் தொட்டு எந்த மரபணுவை எழுப்புகிறது என்பதற்குப் புழுவிடம் வாருங்கள்.