சம்பளம் அவருடையது, வாரிசு யார்?

கேள்வி: என் தங்கை அரசு ஊழியர். கணவர் இறந்துவிட்டார், குழந்தைகள் இல்லை. அவளுக்குப் பின் அவளுடைய சேமிப்பு எங்கள் அம்மாவுக்கு வராது என்கிறார்களே, உண்மையா? சட்டத்தைத் திருத்த வழியில்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்மைதான். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும்; பெற்ற தாய் தந்தையருக்கு அடுத்த இடம்தான். பெற்றோர் வழியாக வந்த சொத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. இதே நிலையில் ஓர் ஆண் இறந்தால், அவருடைய தாய் முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதலில் பங்கு பெறுவோரில் ஒருவர்.

இந்த விதி எவ்வளவு கடுமையானது என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு காட்டியது. மணமான மூன்று மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்கவைத்து வேலைக்குச் சென்ற பெண் அவர். அவருடைய வங்கி வைப்புத்தொகையும் வருங்கால வைப்பு நிதியும் கணவர் வழி உறவினருக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று. அனுதாபம் சட்டமாகாது என்றது நீதிமன்றம். அது சரியே, அதனால்தான் சட்டத்தை மாற்ற வேண்டும் என்கிறேன்.

இத்தகைய சொத்து இரு வீட்டாருக்கும் சமமாகச் சேர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2008லேயே தன் 207ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை. ஆனால் மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வாரிசுரிமை இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமும் திருத்தலாம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தமிழ்நாடு அப்படித்தான் கொண்டுவந்தது. பெண்களை அரசு வேலைக்கு அழைத்து இடஒதுக்கீடும் தரும் மாநிலம், அந்தச் சம்பளம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அரசு ஊழியர்களுக்கான பணி விதிகளைத் திருத்துவது இதைவிட எளிது. ஓர் உதாரணம்: விவாகரத்து அல்லது குடும்ப வன்முறை வழக்கு நிலுவையில் உள்ள மத்திய அரசுப் பெண் ஊழியர், குடும்ப ஓய்வூதியத்தைக் கணவருக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கு வழங்கக் கோரலாம் என்று 2024 ஜனவரியில் விதி மாறியது.

திருத்தம் வரும்வரை உங்கள் தங்கை காத்திருக்க வேண்டாம், உயில் எழுதிவிடட்டும். வெள்ளைத்தாளே போதும், அவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. வங்கியில் அம்மாவை நாமினியாகப் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதன் உரிமையாளர் அல்லர்.